ஒரு ஷிப்ட் தயிர்

மங்கலத்திலிருந்து திருப்பூர் போகும் காலை நேர பஸ். எனக்கு முன் சீட்டில், பனியன் கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள். இளையவர் மடியில் துண்டு சுற்றிய தூக்குப்போசி. வேகத்தடையைக் கண்டதும் அவர் குரல் கொடுத்தார்.

“டிரைவரண்ணா, பாத்துப் போங்க, தயிர் உறையுதுங்க!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த அக்காவுக்குத் தென்பக்கத்துப் பேச்சு.

“பஸ்ல எவளாவது தயிர் உறைய வைப்பாளா புள்ள?”

“ஊட்டுக்காரருக்கு மாத்திரை தின்னு தின்னு வயிறு கெட்டுப்போச்சுங்கக்கா. பால் தொடவே கூடாது, நல்ல கிருமி வளர்ற மாதிரி ஊட்டுலயே தயிர் உறைய வெச்சுக் குடுங்கன்னு டாக்டர் சொன்னாருங்க. சரியா ஒரு ஷிப்ட் உறையோணும்.”

“ஷிப்டா?”

“எட்டு மணி நேரமுங்க. அஞ்சு மணிக்கு உறை ஊத்துனேன், ஒரு மணிக்குக் கம்பெனி ஃபிரிட்ஜ்ல வெச்சிருவேன். நேத்து, யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லி ஊட்டுலயே வெச்சுட்டு வந்தேன். சாயங்காலம் போறதுக்குள்ள ஒன்றரை ஷிப்ட் தாண்டி, வாயில வைக்க முடியாத புளிப்பு. இன்னைக்கும் புளிச்சா அவங்கம்மா ஊட்டுக்கே போயிருவேங்கறாரு.”

“அவருதான் லீவு போட்டு வீட்டுல இருக்காருல்லா? ஒரு மணிக்கு அவரையே எடுத்து ஃபிரிட்ஜ்ல வைக்கச் சொல்ல வேண்டியதான?”

“முந்தாநேத்து அப்படித்தான் சொன்னனுங்க. ஒம்போது மணிக்கே எடுத்துக் குடிச்சுப்போட்டு, ‘இன்னைக்குத் தயிர்ல புளிப்பே இல்லை, அருமை’ன்னு போன் பண்ணிப் பாராட்டுறாரு.”

“நல்லதுதானட்டி!”

“அது இன்னும் பாலுங்கக்கா!”