நான்கு வாசல் கோட்டை

மக்ரிப் தொழுகை முடிந்து அரை மணி இருக்கும். இந்தோனேசியாவின் புட்டோன் தீவில், குவாரி தின்று முடித்த மலையை ஒட்டிப் போகிற சாலை. ஈ காக்கை இல்லை. லா ரசூலியின் மோட்டார் சைக்கிள் திடீரென்று நின்றுவிட்டது... உதைத்து உதைத்துப் பார்த்தான். அப்போதுதான் கேட்டது. டக்... டக்... கல்மேல் கல் வைத்து அடுக்குகிற சத்தம். கூடவே சாம்பிராணி வாசனை.

நம்ம அலுவலகத்து ஹஸ்னியாவின் கணவனுக்குத் தம்பி இவன். தீவிலுள்ள பழைய கல்கோட்டைகளின் விவரங்களைக் கணினியில் பராமரிக்கிற வேலை. மதில் எப்படி ஓடுகிறது, வாசல் எத்தனை, உள்ளே கல்லறை எத்தனை... எல்லாம் அதில் இருக்கும். ஒரு கோட்டையைப் பட்டியலிலிருந்து எடுப்பதென்றால், நேரில் போய், வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டு, பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். இந்தப் புண்ணியவான் நாற்காலியை விட்டு எழவில்லை. ‘ஒரே கோட்டை இரண்டு தடவை பதிவாகிவிட்டது’ என்று எழுதி, அந்த மலைக்கோட்டையின் பதிவை அழித்தான். குவாரிக்காரர் அதற்குக் கொடுத்த வண்டிதான் இப்போது நடுச்சாலையில் நிற்பது.

பட்டியலில் இல்லாத கோட்டைக்காக யார் கேட்கப் போகிறார்கள்? பத்தே நாளில் வெடி வைத்தார்கள். கல்லறைகளைக் காத்துவந்த ஜமாரியா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். அவள் முன்னோர் முப்பத்தொரு பேர் அங்கே. ரசூலி சிரித்தான்.

“செத்தவங்களுக்குக் கம்ப்யூட்டர் பாக்கத் தெரியாதுக்கா.”

“கத்துக்குவாங்க தம்பி.”

அந்தச் சாலையில் வண்டி நின்றதற்கு மறுநாள் காலை... அழித்த பதிவு திரும்பி வந்திருந்தது. வாசல்: நான்கு. ஆனால் வரைபடத்தில் மதில் கோடு அவன் வீட்டைச் சுற்றி ஓடியது. அழித்தான். அடுத்த நாளும் வந்தது. வாசல்: மூன்று. மறுபடி அழித்தான். இரண்டு. அழித்தான். ஒன்று.

இதை மட்டும் தொடாதே, மலைக்குப் போய் மன்னிப்புக் கேள் என்று ஹஸ்னியா கெஞ்சினாள்.

“எந்த மலைக்கு மதினி? அதான் இல்லையே.”

அதையும் அழித்துவிட்டு, மடிக்கணினியோடு வீட்டுக்குப் போனான். பிறகு வேலைக்கு வரவில்லை.

நாலாம் நாள் ஹஸ்னியா தேடிப் போனாள். முன்கதவு, பின்கதவு, சன்னல்... எல்லாம் விரியத் திறந்து கிடந்தன. கிணறு முன்கதவுக்கு நேரே. ரசூலி சுவரோரம் சுருண்டு கிடந்தான், உதடு வெடித்து, தாகத்தில் செத்து. மடியில் கணினி மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

வாசல்: இல்லை. கல்லறை: முப்பத்திரண்டு.

பத்து விரலிலும் நகம் தேய்ந்து போயிருந்தது. மிச்சமிருந்த நக இடுக்கிலெல்லாம் வெள்ளை வெளேரென்று கல்தூள்...

அவனுடையது மரப்பலகை வீடு.