ட்ரேயில் பைப்புத் தண்ணி

— செய்யாத தப்ப நான் எதுக்குங்க ஒத்துக்கணும்?

— ஒத்துக்கிட்டா விஷயம் அதோட முடியும், வசந்தி. பின்னே, மஞ்சுஷா மேடம் உன்னக் கடிச்சா தின்னப் போறாங்க?

— வேலையை விட்டு அனுப்புவாங்க. உங்களுக்கு அது சின்ன விஷயமா? மட்டாஞ்சேரி கொடவுன்ல கம்பெனி வந்த நாள்லேருந்து அந்த மெம்ப்ரேன் ஷீட்ட நான்தான் பாக்குறேன். பேட்டரிக்குள்ள மஞ்சத் தண்ணியும் ஊதாத் தண்ணியும் கலக்காம நடுவுல நிக்கிறது அது ஒண்ணுதான். ஒரு தடவ நனைச்சா அப்புறம் காயவே கூடாது. காஞ்சா கண்ணுக்குத் தெரியாமக் கீறிடும். திரும்ப நனைச்சா புதுசு மாதிரியே இருக்கும். எனக்கா இது தெரியாது?

— தெரியும் புள்ள. ஆனா சனிக்கிழமை கடைசியா ஷீட்ட ஊறப்போட்ட ட்ரேயை மூடினது நீ. திங்கக்கிழமை ஷீட்ட எடுத்து மாட்டினதும் நீ. ரெண்டு தண்ணியும் கலந்து பேட்டரி பாழாப் போச்சு. பின்னே யாரக் கேப்பாங்க?

— டிஸ்டில்ட் வாட்டர் நெறைய ஊத்தி மூடிட்டுத்தான் வந்தேன். திங்கக்கிழமை திறந்தா குளோரின் வாடை. பைப்புத் தண்ணி. மனசுக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு, அவசரத்துல விட்டுட்டேன். யாரோ தண்ணிய வடிச்சு, ஞாயித்துக்கிழமை பூரா காயவிட்டு, திரும்ப ஊத்தியிருக்காங்க.

— நம்ம கம்பெனி ஜிதின் சேட்டனா இருக்கும். அவருகிட்டயும் கொடவுன் சாவி இருக்குல்ல.

— அவரு ரெண்டு நாளும் வல்லார்பாடத்துல. சோலார் கரண்ட சேத்து வைக்க பெரிய பேட்டரி வைக்கிறாங்கள்ல, அங்க. இன்னொரு சாவி உங்ககிட்டதான் இருக்கு. சனிக்கிழமை தோப்பும்படிக்கு மீன் வாங்கப் போறேன்னு போனீங்க. வெறுங்கையோட வந்தீங்க.

— மீனு வெல கூடுதலு.

— என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— சாயா இன்னும் ஊத்தலையா நீ?

— பாத்துச் சொல்லுங்கன்னேன்.

— நான்தான் வடிச்சேன், ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்ப ஊத்தினேன். போதுமா? வல்லார்பாடத்துக்கு உன்ன சூப்பர்வைசரா போடப் போறாங்கன்னு ஜிதின் சேட்டன் சொன்னாரு. நீ வேலைக்குச் சேந்ததே நான் சொல்லித்தான். பின்னே, நான் உன்கிட்ட வந்து லீவு கேட்டு நிக்கணுமா? முத்துவேலு பொண்டாட்டிக்குக் கீழ வேலை பாக்குறான்னு சிரிக்க மாட்டாங்களா? சின்னதா ஒரு கெட்ட பேரு வந்தாப் போதும்னு நெனச்சேன். வேலையே போகும்னு நெனைக்கல.

— ஊரே என்னக் குத்தம் சொன்னாலும் நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நம்பிட்டு இருந்தேன். எல்லாத்தையும் செஞ்சுட்டு, ஒத்துக்கோ ஒத்துக்கோன்னு எப்படி வாய் வந்துச்சு உங்களுக்கு?

— தப்புதான் புள்ள. நானே மேடம்கிட்ட சொல்லிடுறேன். அந்த சூப்பர்வைசர் வேலைய நீயே வச்சுக்கோ.

— வெள்ளிக்கிழமையே மேடம் கூப்பிட்டுக் கேட்டாங்க. தினமும் வல்லார்பாடம் போய்வர என்னால ஆகாது, எங்க வீட்டுக்காரருக்குக் குடுங்கன்னேன். அவங்களும் சரின்னுட்டாங்க.