திருகோணமலையில் செத்த சமையல்காரன்

மேஜர்: மெதுவா பேசு பழனியாண்டி. உள்ளுக்கு என் பொண்டாட்டி இருக்கா.

பழனியாண்டி: மெதுவாத்தான் பேசுறேன் தொரை. செத்தவன் சத்தம் போடலாமுங்களா?

மேஜர்: நீ செத்துட்டேன்னு எழுதியாச்சு... என் யுத்தக் கதைப் புஸ்தகம் கொழும்பு வரைக்கும் போயிருச்சு.

பழனியாண்டி: அதோட நின்னாலும் பரவால்லைங்க. பிரஜாவுரிமை விசாரிக்கிற ஐயா மேசைக்கும் வந்துருச்சு. யுத்த காலத்துலயும் இங்கயே இருந்தவனுக்குத்தான் பிரஜாவுரிமையாம், அப்ப இந்தியாவுக்குப் போயிட்டியான்னு கேட்டாரு. இல்லைங்க, திருகோணமலை முகாமுல மேஜர் இஸ்ஸதீன் தொரைக்கு சமைச்சுப் போட்டேன்னேன். ஒடனே உங்க புஸ்தகத்த விரிச்சு...

மேஜர்: ஒம்பதாம் அத்தியாயமா?

பழனியாண்டி: அதேதாங்க. ஜப்பான்காரன் குண்டு போடுறான். நான் உங்களத் தள்ளிவிட்டுட்டு குறுக்க பாஞ்சு சாவுறேன். அவரு வாசிச்சுச் சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்துருச்சு.

மேஜர்: நல்லா இருந்துச்சா?

பழனியாண்டி: சாவு நல்லாத்தான் இருந்துச்சு. பிரஜாவுரிமைதான் போகப்போவுது.

செரீபா: என்னங்க, யாரு வந்திருக்கிறது?

மேஜர்: ஒருத்தருமில்ல செரீபா...

செரீபா: இந்தா நிக்கிறாரே. ஒங்க பேரென்ன?

பழனியாண்டி: பழனியாண்டிங்கம்மா. லிந்துலைத் தோட்டமுங்க.

செரீபா: இவரக் காப்பாத்தப் போய் செத்த மனுசனுக்கும் அதே பேருதான். அத வாசிச்ச அன்னைக்கு எனக்கு சோறே எறங்கல்ல.

பழனியாண்டி: எங்க ஆளுங்கள்ல பழனியாண்டி நெறைய உண்டுங்கம்மா.

செரீபா: பாவம் அவரு. தேத்தண்ணிக்கு சீனி போடவா?

பழனியாண்டி: கொஞ்சம் கூடவே போடுங்கம்மா.

மேஜர்: ...போயிட்டா. மானத்தக் காப்பாத்திட்டடா.

பழனியாண்டி: இப்ப நீங்க என்னையக் காப்பாத்துங்க. நான் உசுரோட இருக்கேன்னு ஒரு கடுதாசி குடுங்க.

மேஜர்: நான் எம்பீடா. பார்லிமெண்டுல என்னைய வீரன்னு கை தட்டுறாங்க. எம் புஸ்தகம் பொய்யின்னு நானே எழுதவா?

பழனியாண்டி: அப்ப எம் புள்ளைங்க எந்த நாட்டுக்காரங்க தொரை?

மேஜர்: ...நான் ஒனக்கு நல்லதுதாண்டா செஞ்சேன். குண்டு விழுந்ததும் நீ காட்டுக்குள்ள ஓடின. அத அப்படியே எழுதியிருந்தா?

பழனியாண்டி: ஓடுனேன். இல்லைங்கல.

மேஜர்: சரி... காயம் பட்டு, செத்துட்டான்னு நெனச்சு, பொறகு பொழச்சவன்னு எழுதித் தாறேன். போதுமா?

பழனியாண்டி: போதுமுங்க. பொழச்சா சரி.

மேஜர்: ஆனா ஒண்ணு. ஓடின கதைய எங்கயும் வாய் தொறக்கக்கூடாது.

பழனியாண்டி: அத எப்படிங்க சொல்லுவேன்? முன்னால ஓடுனது யாருன்னு கேப்பாங்களே. காடு முடியிற வரைக்கும் நான் உங்க முதுகத்தானே பாத்துக்கிட்டு வந்தேன்.