உத்தமன் செத்த தேதி

...பின்ன இன்னா நைனா? துப்பறியறவன்னா கமுக்கமா வரணுமா வேணாமா? சீப்பு விக்கிறவன் கணக்கா வேசம் கட்டிக்கினு வரான்! கைல சீப்பு, கழுத்துல கர்ச்சீப்பு... கால்ல பாத்தா பளபளன்னு பாலீஸ் போட்ட பூட்ஸு! கரையான்சாவடி பொடிசுங்க அத்தினியும் "துப்பறியிற சார், ஒரு சீப்பு குடு சார்"னு பின்னாடியே ஓடுதுங்க. குந்து நைனா, அந்த ஸ்டூல்ல குந்து. கல்யாணப் பத்திரிகதானே? துலுக்கானம் பிரஸ்ஸுக்கு வந்துட்டல்ல, கவலைய உடு. ஒரு நல்ல மாடலா எடுத்துக் காட்றேன்.

இன்னாது, அவன் துப்பறியறது யாரு சாவன்னா கேக்குற? அட, குத்தம்பாக்கம் வரிக்கும் சேதி வரலியா? நம்ம உத்தமம்பா! ஃபேக்டரில பிட்டரு. நாலு நாளு காய்ச்சல்னு ஊட்டுக்குள்ளயே சுருண்டு கெடந்தான், வெளிய தலையே காட்டல. விடியக்காலம் பொண்டாட்டி சுசீலா காப்பி எடுத்துக்கினு போயி எழுப்புறா... ஆளு எழல. நாப்பத்திரெண்டு வயசு, சாவுற வயசா? மாரடைப்புன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அன்னிக்கு வியாழக்கெழமன்னு சுசீலா சொல்லுது. தூக்கியாச்சு, எரிச்சாச்சு.

அப்பால வந்தான் பாரு அண்ணங்காரன் அய்யாசாமி, ஆரணிலேர்ந்து! பஸ்ஸ உட்டு எறங்குறான், எதுத்த செவுத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டரு. நம்ம பிரஸ்ல அடிச்சதுதான். "மறைவு 12-3-86, புதன்". அவ்ளோதான்! "புதன்கெழம செத்தவன வியாழக்கெழம வரிக்கும் ஊட்டுல வெச்சிக்கினு இன்னா பண்ண? காப்பில இன்னாத்த கலந்த?"ன்னு அந்தப் பொண்ண நடு ரோட்ல நிக்க வெச்சிக் கேட்டான். கையோட மாம்பலம் போயி இந்தக் கலியமூர்த்திய இட்டாந்துட்டான். பிரைவேட் டிடெக்டிவ்வாம், போர்டெல்லாம் வெச்சிகிறானாம்.

ஐயோ, அவன் பண்ண கூத்து கீதே! பூதக்கண்ணாடி வெச்சி வாசல்ல கால் தடம் பாக்குறான். யோவ், சாவுக்கு எரநூறு பேரு வந்து மிதிச்ச வாசல்யா அது! பக்கத்தூட்டு ஜமீலா கைல "அந்த ஊட்டுலேர்ந்து கெட்ட வாசன எதுனா வந்துச்சா"ன்னு கேட்டான். அது கருவாடு வறுத்துக்கினு கீது, "நல்லாத்தானே கீது, ஏன் கெட்ட வாசனங்கிற"ன்னு கரண்டியத் தூக்கிட்டுது! ஆளு ரெண்டு தெரு தாண்டித்தான் நின்னான். எனுக்குச் சிரிச்சி சிரிச்சி வயித்து வலியே வந்துட்ச்சு.

எங்கிட்டயும் வந்தானே! அன்னிக்கு நானு தொவச்ச சட்ட போட்டுக்கினு ரெடியா நின்னேன். "போஸ்டர்ல தேதி தப்பா வுழ வாய்ப்பு கீதா?"ன்னான். எனுக்கு வந்துச்சு பாரு கோவம்! "யார்ட்ட இன்னா கேக்குற? பத்து வருசமா இந்தக் கையால எழுத்து கோக்குறேன். தப்புன்னு ஒருத்தன் வந்து நின்னுகிறானா? அவங்க புதன்னு சொல்லாம நானு எப்டி புதன்னு போடுவேன்?"ன்னு அடிச்சி சொல்லிட்டேன். "முக்கிய சாட்சி"ன்னு நோட்ல எழுதிக்கினான் நைனா. ரெண்டு நாளா டீக்கடையில எனுக்கு இன்னா மரியாத தெரியுமா!

சுசீலா பாவந்தான்... இல்லங்கல. நாளைக்குக் காலீல அந்தக் கலியமூர்த்தி ரிப்போர்ட்ட போலீஸ் ஸ்டேசன்ல குடுக்கப் போறானாம். "கொலகாரி கைல எந்தம்பி புள்ளைங்க வளரக் கூடாது"ன்னு ரெண்டு கொழந்தையையும் ஆரணிக்கு இஸ்துக்கினு போறேன்னு நிக்கிறான் அண்ணங்காரன். பெருசுக்கு அஞ்சு, சின்னதுக்கு மூணு. அதுங்க அழுவுறது தெருக்கோடி வரிக்கும் கேக்குது.

இரு, உனுக்கு மாடல்... தோ, இது அந்த உத்தமன் போஸ்டருக்கு ஈய எழுத்து கோத்த இரும்புச் சட்டந்தான். இன்னும் கலைக்கல. எழுத்தெல்லாம் கண்ணாடில பாக்குற மாறி திருப்பிக் கீதா, உனுக்குப் படிக்க வராது. நானு படிக்கிறேன் கேளு. "உத்தமன்"... "மறைவு 12-3-86"... அடில, "கண்ணீருடன், மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள்"...

பேரன் பேத்தியா?

மூணு வயசு கொழந்தைக்கு ஏதுய்யா மருமவ?

ஐயய்யோ... நைனா, கொஞ்சம் இரு. இது நம்ம தெரு பெருசு வேம்புலி மாமாவுக்குக் கோத்ததுபா! அந்தாளுதான் புதன்கெழம பூட்டாரு, நானே போயி மால போட்டேனே! மறுநாளே உத்தமன் ஊட்டுலேர்ந்து ஓடியாந்தாங்க, அவசரம், தூக்குறதுக்குள்ள ஒட்டணும்னாங்க. மொத்தத்தையும் எதுக்குக் கலைச்சிக்கினுன்னு... பேர மட்டும் மாத்துனேன். வழக்கமா அப்டித்தான் பண்றது, அப்பால தேதிய மாத்திருவேன்... அன்னிக்கு மாத்தல. ஊரே தேதியப் பாத்துச்சு, அந்த பூட்ஸு போட்டவன் பூதக்கண்ணாடில தேதியப் பாத்தான், கடேசி வரியப் படிக்க ஒருத்தனுக்கும் தோணல. எனுக்கே தோணல!

...யாருக்கும் தெரியாது, இல்ல? நீ வெளியூரு. இந்த எழுத்தக் கலைச்சி பொட்டில போட்டுட்டா முடிஞ்சிது. பத்து வருச பேரு நைனா... இனிமே எவன் நம்பி பத்திரிக குடுப்பான்? முகூர்த்தத் தேதி மாறிப் பூடும்னு நீயே எழுந்து பூடுவ. இன்னா பாக்குற? அப்டிப் பாக்காத நைனா, எனுக்கும் புள்ளைங்க கீது... 

தூ, நானெல்லாம் ஒரு மனுசன். அந்தப் பொண்ணு மூணு நாளா கத்துது, "வியாழக்கெழம எழுப்பறப்ப கூட அவரு நெத்தி சூடாத்தான் இருந்துச்சு"ன்னு. ஒருத்தனும் நம்பல. என்னோட ஈய எழுத்தத்தான் நம்புனானுங்க.

எழு நைனா, இந்தச் சட்டத்த அந்தப் பக்கம் புடி. கனமாத்தான் இருக்கும். எந்தலைல தூக்கி வை... ஆங், அப்டித்தான். சீப்புக்காரன் இப்ப பஸ் ஸ்டாண்டாண்ட டீ குடிச்சிக்கினு இருப்பான், அவன் மூஞ்சிலயே காட்டிட்டு அந்தக் கொழந்தைங்க கிட்ட போறேன். கடைய நீதான் பாத்துக்கணும். யாரு வந்து கேட்டாலும் வாசல்ல நின்னு சத்தமா சொல்லு நைனா... துலுக்கானம் தப்பா அடிச்சிட்டான், அத்த ஊரக் கூட்டி சொல்றதுக்குத்தான் போயிகிறான்னு!