ஏணி பிடிக்கிறவர்

மணி ராத்திரி ஒன்று இருக்கும். குடோன்களுக்குப் பின்னால் போகிற சாலை. ஒரு பக்கம் நீளமான சுவர், மறுபக்கம் புதர்... இருக்கிற ஒரே விளக்கும் விட்டு விட்டு எரிகிறது. அந்தச் சாலையில் ஒரு மனிதர் தனியாகப் போகிறார். எதற்கு? பேயைப் பார்க்க. கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள், அவர் என் சிநேகிதனுடைய சொந்தப் பெரியப்பா. சிரிக்கிறவன் முதலில் எழுந்து போய் அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வா, அப்புறம் சிரி.

பெரியப்பா பெயின்டர். அவருக்கு ஒரு கூட்டாளி, சின்ன வயதுச் சிநேகிதர். நகமும் சதையும் என்பார்களே, அப்படி. கூட்டாளி ஏணியில் ஏறுவார், பெரியப்பா கீழே பிடிப்பார். ஆளை மாற்றியதே கிடையாது. ஏறுகிறவன் உயிர் பிடிக்கிறவன் கையில்தானே... பெரியப்பா தெருவில் இவர்கள் பெயின்ட் அடிக்காத வீடே இல்லை. யார் வீட்டில் என்ன கஷ்டம் என்றாலும் முதலில் வந்து நிற்கிறவர் அந்தக் கூட்டாளிதான்.

ஒருநாள் குடோன் சுவருக்கு வேலை வந்தது. கூட்டாளி பெரியப்பாவிடம் மூச்சுக்கூட விடவில்லை. வேறு எவனையோ கூட்டிக்கொண்டு போனார். அவன் போன் வந்ததென்று ஏணியை விட்டு நகர்ந்தான். அவ்வளவுதான்... ஆள் போய்விட்டார்.

இரங்கல் கூட்டத்தில் தெருவே அழுதது. பெரியப்பாவைப் பேசச் சொன்னார்கள். எழுந்தார். "முதுகுல குத்திட்டுப் போயிட்டான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ராத்திரிக்கு ஒரு வீடு. மாடி ஜன்னலில் டக்... டக்... எழுந்து பார்த்தால் வெளியே கூட்டாளியின் முகம். சிரிக்கும். பெயின்டில் கலக்கிற டர்பன்டைன் வாசனை குப்பென்று அடிக்கும். சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறார் என்றார் தையல்காரர். கடைக்காரரும் அதையே சொன்னார். இத்தனை பேரைப் பார்க்க வந்தவர் பெரியப்பாவிடம் மட்டும் வரவில்லை. பெரியப்பாவுக்கு வயிறு எரிந்தது. உயிரோடு இருந்தபோது செய்த துரோகம் போதாதா, செத்துமா? நேரிலேயே கேட்டுவிடுவதென்று, அன்று ராத்திரி படுக்காமல் குடோனுக்குக் கிளம்பிவிட்டார்.

விழுந்த இடத்தில் போய் நின்றார். சுவரில் பாதிக்குத்தான் பெயின்ட்.

"ஏன்டா என்னைக் கூப்பிடல?"

விடிகிற வரைக்கும் நின்றார். யாரும் வரவில்லை.

திரும்பி வரும்போது, மாடி வீட்டு நர்ஸ் வாசலில் நிற்கிறாள். துணிச்சல்காரி. ஆனால் அன்று அவள் முகம் வெளுத்திருந்தது. பெரியப்பா மனசு தாங்காமல் அவளிடம் சொன்னார், எல்லாரையும் பார்க்கத் தெரிந்தவனுக்கு என்னைப் பார்க்க மட்டும் மனசு வரவில்லையே என்று. அவள் அவரையே உற்றுப் பார்த்தாள்.

"என்ன மாமா இப்படிச் சொல்றீங்க? எங்க வீட்டுக்கு வந்தப்ப நான் எட்டிக் கீழ பார்த்தேனே. ஏணியைப் பிடிச்சுட்டு நின்னது நீங்கதான்."

அந்த ராத்திரிகளில் எல்லாம் பெரியப்பா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர். பக்கத்தில் படுத்திருந்த பெரியம்மாவே அதற்குச் சாட்சி.

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து எதிர் வீட்டுக்கு வந்தார். கீழ யாருமே இல்ல... நீங்க எங்க போனீங்க மாமா? பாதி ஏறினார், ஏணி சரிஞ்சிடுச்சு. விழும்போது உங்களைத்தான் கூப்பிட்டார்."

பெரியப்பா தூங்காத ஒரே ராத்திரி அது. அந்தத் தெருவில் கூட்டாளி இன்னும் போகாத வீடுகள் நிறைய இருக்கின்றன. பெரியப்பா இப்போதெல்லாம் பொழுது சாய்ந்ததுமே படுத்துவிடுகிறார். வீடே பற்றி எரிந்தாலும் தன்னை எழுப்பக் கூடாது என்று பெரியம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறார்.