தேடின இடத்திலேயே கிடைக்கும்

கதவை உடைத்திருக்க வேண்டியதில்லை, சார். அது திறந்துதான் இருந்தது. ஈரக் காலத்தில் கொஞ்சம் பிடிக்கும். கீழே காலால் ஒரு தட்டு, மேலே கையால் ஒரு தள்ளு, அவ்வளவுதான். நீங்கள் போட்ட சத்தத்தில் மேஜையிலிருந்த மணிகளெல்லாம் தரையில் கொட்டிவிட்டன. பரவாயில்லை, பொறுக்கிக்கொண்டே பேசுகிறேன். உங்கள் காலடியில் இரண்டு கிடக்கின்றன, மிதித்துவிடாதீர்கள். அந்த நீலம் இப்போது கிடைப்பதில்லை.

தம்பி எங்கே என்றுதானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். உங்கள் போலீஸ்காரர்கள் மாடியில் கட்டிலைப் புரட்டுகிறார்கள், புரட்டட்டும். அவன் வீட்டில் இல்லை. பொத்தான் தொழிற்சாலையிலும் இல்லை. நீங்கள் அங்கிருந்து வருகிறீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அவன் மனைவியைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்குப் போன் செய்தவன் என் தம்பி. நீங்கள் போய்ச் சேர்ந்தபோது அவனைக் காணவில்லை. அதுவரைக்கும் உங்களுக்குத் தெரியும். மீதியை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும்.

நான் அந்தோணியார் மாலை செய்கிறவள். கோயில் வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிற பிளாஸ்டிக் சரக்கு இல்லை, கையால் செய்வது. மாதா ஜெபமாலையில் பத்துப் பத்தாக ஐந்து கூட்டம் வரும். அந்தோணியாருடையதில் மும்மூன்றாகப் பதிமூன்று கூட்டம். ஒவ்வொரு மணிக்கும் கம்பி வெட்டி, குறடால் வளைத்து, கண்ணி போட்டு, கம்பியின் நுனியை மணியின் கழுத்தோடு சுற்றி நெருக்க வேண்டும். நுனி நீட்டிக்கொண்டிருந்தால் ஜெபிக்கிறவர் விரலைக் கிழிக்கும். என் மாலையில் கிழித்துக்கொண்டவர் இந்த ஊரில் ஒருவர்கூட இல்லை. விசாரித்துப் பாருங்கள்.

அந்தோணியார் தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர். அதனால் எந்த மதத்துக்காரரும் என்னிடம் வருவார்கள். பொருளைத் தொலைத்தவருக்கு மதம் இரண்டாம் பட்சம்.

ஒரு நாள் ரொட்டிக்கடைக்காரர் மனைவி, வாங்கிப்போன மாலையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். தொலைந்த தோடு கிடைக்கவில்லையாம்.

"இது வேலை செய்யலைக்கா," என்றாள். சூடேறாத இஸ்திரிப்பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுப்பதுபோல மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. என்னைச் சொல்லியிருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். அவள் அந்தோணியாரை அல்லவா சொன்னாள். அவருக்கு உலகம் முழுக்க வேலை. உள்ளூரில் யாராவது கூடமாட ஒத்தாசை செய்தால் என்ன என்று தோன்றியது.

தையல்காரரின் பெரிய கத்தரிக்கோலில் ஆரம்பித்தேன். எடுத்து வந்தேன். அவர் கடையைத் தலைகீழாகப் புரட்டினார். பிறகு என்னிடம் வந்தார். மாலை வாங்கிப்போய், கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர், பதிமூன்று கூட்டமும் சொல்லி முடித்தார். மறுநாள் வெட்டுமேஜையில் துணிக்கடியில் கத்தரிக்கோல் இருந்தது.

"இதே மேஜைதான்க்கா, இதே துணிதான். பத்துத் தடவை உதறிப் பார்த்தேன். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு," என்றார்.

"தேடின இடத்துலயே கிடைக்கும். அதான் அவர் வழக்கம்," என்றேன்.

அதிலிருந்து ஊரில் அப்படியே ஒரு பேச்சு வந்துவிட்டது. நான் எதையும் எனக்கென்று வைத்துக்கொண்டதில்லை. திருடி என்று யாரும் சொல்ல முடியாது. ஜெபம் முடிவதற்கு முன் எதையும் திருப்பி வைத்ததும் இல்லை. பாதி ஜெபத்தில் பொருள் கிடைத்துவிட்டால் மீதிப் பாதியை யார் சொல்வார்கள்?

மனிதர்கள் அதிகம் தொலைப்பது சாவிதான். திருப்பி வைப்பதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் வெட்டி வைத்துக்கொண்டேன். முகம் சுளிக்காதீர்கள். அடுத்த முறை பொருளைத் திருப்பி வைக்க உள்ளே போக வேண்டாமா? ஊரில் பாதிப் பூட்டுகளுக்கு என்னிடம் சாவி உண்டு. பொத்தான் தொழிற்சாலை மூடிய புதிதில் காவலாளி தொலைத்த சாவியும் அதில் ஒன்று. சாவிக்கொத்து அந்த ஆணியில் தொங்குகிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தம்பியிடம் வருகிறேன். அம்மா போனபோது அவனுக்குச் சரியாகப் பேச்சு வரவில்லை. அழுதுகொண்டே இருப்பான். அவனுடைய மரக் குதிரையை ஒளித்து வைப்பேன். அழுகையை விட்டுவிட்டுத் தேடுவான். கடைசியில், "அங்க பாருடா," என்பேன். கிடைத்ததும் ஒரு சிரிப்புச் சிரிப்பான் பாருங்கள், அதற்காக வீட்டையே ஒளித்து வைக்கலாம். வளர்ந்த பிறகும் எது தொலைந்தாலும் என்னைத்தான் கேட்பான். நான் சொன்ன இடத்தில்தான் தேடுவான்.

அவன் கட்டிக்கொண்டவள் கெட்டவள் இல்லை. வாய்தான் நீளம். கிண்டல் செய்யாவிட்டால் அவளுக்குச் செரிக்காது.

"என்னக்கா, அந்தோணியாரும் நீங்களும் கூட்டு வியாபாரமா? அவருக்கு என்ன பங்கு குடுக்குறீங்க?" என்பாள். தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பான்.

அவளுடைய கல்யாண மோதிரத்தை எடுத்தேன். அவள் நல்லதுக்குத்தான். ஒரு முறை ஜெபித்துக் கிடைத்துவிட்டால் வாய் அடங்கும் என்று நினைத்தேன். நல்ல மாலையாக ஒன்றைக் கையில் கொடுத்தேன். அவள் அதைச் சாப்பாட்டு மேஜையிலேயே வைத்துவிட்டாள்.

"மோதிரம் தண்ணிக் குழாய்ல போயிருக்கும்க்கா. பாவம், அந்த வயசான மனுஷரை எதுக்குக் குழாய்க்குள்ள இறக்குறீங்க? அழுக்குப் படும்."

ஜெபம் இல்லை, ஆகவே மோதிரத்தையும் திருப்ப முடியவில்லை. என் கையில் தங்கிவிட்ட ஒரே பொருள் அதுதான்.

இதற்கிடையில் அவர்கள் வேறு ஊரில் வீடு பார்த்திருந்தார்கள். சாமான்களைப் பெட்டியில் போட ஆரம்பித்திருந்தார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் எழுதுவதாக இருந்தால் சம்பந்தம் இல்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

பெட்டி கட்டக் கயிறு தேடி இந்த அறைக்குள் வந்தவள், மணி டப்பாவைத் திறந்துவிட்டாள். உள்ளே கோயில் பாட்டு வாத்தியாரின் மூக்குக்கண்ணாடி இருந்தது. அவர் அப்போதுதான் ஜெபத்தை ஆரம்பித்திருந்தார்.

அன்றைக்குத்தான் அவள் சிரிக்காமல் பேசிக் கேட்டேன்.

"அந்த மனுஷன் ஒரு வாரமா பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாருக்கா. பார்த்துச் சிரிச்சேன். சிரிச்சதுக்கு இப்ப வெக்கமா இருக்கு. என் மோதிரம் எங்க?"

"பத்திரமா இருக்கு."

"எங்கன்னு கேட்டேன். சாயங்காலம் உங்க தம்பி வந்ததும் எல்லாத்தையும் சொல்லப் போறேன். ஃபாதர்கிட்டயும் சொல்லுவேன்."

யோசித்துப் பாருங்கள், சார். ஊரில் எத்தனை பேர் அந்த மாலையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஒரு வாய்க்காக அத்தனை பேர் நம்பிக்கையும் போக வேண்டுமா? அவளுக்கு ஒன்று புரியவில்லை. தொலைத்தவர்களைவிடத் தொலைந்தவர்களுக்குத்தான் அந்தோணியாரின் அருமை தெரியும். ஒரு நாள் தொலைந்து பார்க்கட்டும். தம்பி ஒரு மாலை ஜெபிப்பான், மறுநாள் கிடைத்துவிடுவாள். பிறகு அவளே எல்லோருக்கும் சாட்சி சொல்வாள். இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது?

மோதிரம் பொத்தான் தொழிற்சாலையில், பொத்தானுக்கான மரத்தை உலர்த்தும் அறையில் இருக்கிறது என்றேன். இருவரும் நடந்தே போனோம். பையில் ஒரு ரொட்டியும் ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு மாலையும் எடுத்துப்போனேன். நல்ல நீல மாலை. அறை வாசலில், "இதைக் கொஞ்சம் உள்ள வை, மோதிரம் அந்தக் கடைசித் தட்டுல இருக்கு," என்று பையை அவளிடமே கொடுத்தேன். கொண்டுபோய் வைத்தாள். அந்த அறைக்கு இரும்புக் கதவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான். வாசல் கேட்டையும் பழையபடி பூட்டிவிட்டு வந்தேன்.

என் கணக்கைக் கெடுத்தவன் தம்பி. அன்று சாயங்காலம் அவன் அழுத அழுகையில் ஃபாதர், கோயில் பாட்டுக்காரர்கள், அக்கம்பக்கத்தார் எல்லோரும் இங்கே கூடிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் ஒன்பது நாள் நவநாள் செய்யப்போவதாகச் சொல்லிவிட்டான்.

"ஒரு மாலை போதும்டா. அந்தோணியாருக்குக் காது நல்லாவே கேக்கும்," என்றேன்.

"இல்லக்கா. அவ அவரை எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கா. ஒம்போது நாள் செஞ்சாத்தான் அவர் மனசு இறங்கும்."

ஃபாதரும் நல்லது என்று சொல்லிவிட்டார். எத்தனையோ சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. இப்போது நீங்களே சொல்லுங்கள், அந்த ஒன்பது நாள் யாருடைய முடிவு?

நடுவில் போய்த் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். திறந்தால் அது கிடைத்ததாகிவிடும். ஜெபம் முடியாமல் எப்படிக் கிடைக்கும்? இத்தனை வருடத்தில் நான் ஒரு முறைகூட அப்படிச் செய்ததில்லை, தையல்காரரின் கத்தரிக்கோல் விஷயத்தில்கூட. சொந்தக்காரி என்பதற்காக அவளுக்கு மட்டும் சலுகை கொடுத்தால் அது நியாயமா?

ஆனால் அக்கறை இல்லாமல் இல்லை. மூன்றாம் நாள் போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். தட்டுகிற சத்தம் கேட்டது. ஆறாம் நாளும் போனேன். அமைதியாக இருந்தது. ஜெபிக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன்.

இன்று காலைப் பூசைக்குப் பிறகு நவநாள் முடிந்தது. எல்லோரும் போன பிறகு, "வா, பொத்தான் தொழிற்சாலையில பார்ப்போம்," என்றேன்.

"அங்கதான் முதல் நாளே போனோமேக்கா. வெளியில பூட்டியிருந்துச்சே."

"தேடின இடத்துலயே கிடைக்கும்டா."

வந்தான். நான் சாவிக்கொத்தை எடுத்துப் பூட்டைத் திறந்தேன். உலர்த்தும் அறைத் தாழ்ப்பாளை அவன்தான் நீக்கினான். அவள் கிடைத்தாள்.

உயிரோடு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, சார். கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்டோம். ஜெபத்தை நடத்தியவளே நான்தான், ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. மாலை அவள் கையிலேயே இருந்தது. கண்ணி ஒன்றுகூடப் பிரியவில்லை. சிலுவையில்தான் ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்து மழுங்கியிருந்தது. கதவின் ஓரத்தை அதை வைத்துச் சுரண்டியிருக்கிறாள். நல்ல வெண்கலம். வேறு சிலுவையாக இருந்தால் முதல் நாளே முறிந்திருக்கும்.

ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன். ரொட்டி போதவில்லை.

தம்பி கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தான்.

"இந்தச் சாவி உன்கிட்ட எப்படிக்கா வந்துச்சு?"

மூலைக் கடைக்குப் போய் உங்களுக்குப் போன் செய்துவிட்டுத் திரும்பி வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். அவளிடம் பேசுவதுபோலச் சொன்னான்:

"மோதிரம்கூட இல்லாமப் போறியே."

சின்ன வயதில் குதிரையைக் காணாதபோது அவன் குரல் அப்படித்தான் இருக்கும். எனக்கு மனது கேட்கவில்லை. மோதிரம் இருக்கிற இடம் எனக்குத் தெரியும் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தான். அது நல்ல பார்வை இல்லை. ஆனாலும் எழுந்து வந்தான். இவ்வளவுக்குப் பிறகும் நான் சொன்ன இடத்தில்தான் தேடப் போனான், சார். ஓர் அக்காவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மோதிரம் இதோ, என் பையிலேயே இருக்கிறது. வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஏன் எழுந்துவிட்டீர்கள்? சாவிக்கொத்தைக் குலுக்கிப் பயனில்லை. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று அதில் எழுதியிருக்காது. ஊரில் வீடு வீடாகப் போய்ப் போட்டுப் பார்க்க வேண்டும். அவனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற தவிப்பு உங்களுக்கு இருக்கிறது. எனக்கு அதைவிட அதிகம் இருக்கிறது. என் கையில் வளர்ந்த பிள்ளை. ஆனால் முறை என்று ஒன்று உண்டு. உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று தெரிகிறது. பரவாயில்லை, தையல்காரருக்கும் இருக்கவில்லை. இந்த மாலையைப் பிடியுங்கள். நேற்றுதான் கோத்து முடித்தேன், விரலைக் கிழிக்காது.

ஆரம்பியுங்கள், சார். ஒன்பது நாள் வேண்டுமானாலும் சொல்லுங்கள், பயம் இல்லை. இந்தத் தடவை அவனுக்கு இரண்டு ரொட்டி வைத்திருக்கிறேன்.