குருவி ஓடிய வேகம்

என் பெயர் நந்திதா, வயது 36, கணவர் பெயர் கதிர்வேல். கோவை பீளமேட்டில் குடியிருந்து, வீட்டுக்குப் பின்னாலேயே பம்பு உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை நடத்திவருகிறேன். 9.2.2025 ஞாயிறு காலை காங்கேயத்துக்கு வெளியே இன்னும் திறக்காத புறவழிச்சாலையில் நடந்தது பற்றி உதவி ஆய்வாளர் தேஜஸ்ரீ அவர்கள் விசாரித்ததில், யாரும் மிரட்டாமலும் சொல்லிக் கொடுக்காமலும், கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நான் சொல்வது பின்வருமாறு.

நான் பதினான்கு மாதமாக ஒரு ரிமோட் ரேஸ் கார் செய்துவந்தேன். நீளம் முழங்கை அளவு, எடை 1,640 கிராம், பேட்டரியில் ஓடுவது. மோட்டாரும் டயரும்தான் வாங்கியது, பல்சக்கரம் முதல் அச்சு வரை மற்றதெல்லாம் என் கையால் கடைந்தது. பெயர் குருவி. கோவையில் இத்தகைய கார்கள் விற்கும் கடை வைத்திருக்கும் வம்சி என்பவரிடம் இதைக் காட்டி, உங்கள் கடையில் வைப்பீர்களா என்று கேட்டேன். ஜப்பான் வண்டியையும் அமெரிக்க வண்டியையும் வேகத்தில் முந்துமா என்று அவர் கேட்டார். செல்போனில் நான் எடுத்து வைத்திருந்த நேரத்தைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "உங்க வண்டிய நீங்களே அளந்தா எப்படீங்க? வெளியாள் ஒருத்தரு அளந்து எழுத்துல குடுக்கட்டும், பத்து வண்டி எடுத்துக்கறேனுங்க" என்றார். அன்று முதல் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அதன் பிறகு சம்பவ நாளன்று காலை ஆறு மணிக்கு, காங்கேயத்தில் என் அப்பா நஞ்சுண்டன் அவர்களின் எண்ணெய் மில்லில், கொப்பரை காயப்போடும் சிமெண்டுக் களத்தில் மூன்று வண்டிகளையும் ஓட்டிப் பார்க்கக் கூடினோம். ஜப்பான் வண்டி என் தங்கையின் கணவர் கிருபாசங்கருடையது, கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகிறது. அமெரிக்க வண்டி வம்சியுடையது. குருவி என்னுடையது. ஜப்பான் வண்டி வளைவில் திரும்பும் அழகைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது, பிரேக் பிடித்த இடத்திலேயே நிற்கும், ஆனால் சிமெண்டில் ஒரு வெடிப்பு வந்தால் துள்ளிக் கவிழ்ந்துவிடும். அமெரிக்க வண்டி பள்ளம் மேடு எதற்கும் அசராது, ஆனால் உடம்பு பெரிது, வேகம் எடுக்கச் சாவகாசமாக யோசிக்கும். குருவிக்கு நேர்ப்பாதை கொடுத்தால் போதும். அதன் குறையையும் நானே சொல்லிவிடுகிறேன், பிரேக் போதாது.

அதன் பிறகு மூன்றையும் சேர்த்துப் பந்தயம் விட்டோம். முதல் வளைவில் நான் கிருபாசங்கரின் வண்டியை முந்தப் போகும்போது என் அப்பா களத்தின் ஓரத்திலிருந்து, "அம்மணி, மாப்பிள்ளைக்கு வழி உடு கண்ணு!" என்று சத்தம் போட்டார். நானும் பழக்கதோஷத்தில் விட்டேன். அடுத்த சுற்றில் மாப்பிள்ளை, மூத்தவள் என்பதால் எனக்காக நிறுத்தி, "அக்கா, நீங்க போங்க" என்றார். வம்சி விருந்தாளி என்பதால் நாங்கள் இருவரும் அவருக்காக நின்றோம், அவர் பெண்பிள்ளை முதலில் போகட்டும் என்று நின்றார். மூன்று ரேஸ் கார்களும் ஒரே வளைவில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. நான்கு முறை விட்டும் இதே கதைதான். யார் வேகம் என்று தெரியாமலேயே காப்பி வந்துவிட்டது.

அதன் பிறகு, சேர்ந்து விட்டால் மரியாதைதான் ஜெயிக்கும், தனித்தனியாக நேர் ரோட்டில் விடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். புறவழிச்சாலையின் தடுப்பை நகர்த்தி எல்லாரையும் உள்ளே கூட்டிப்போனதும் நான்தான். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பனி மூடியிருந்ததால், ரோட்டின் மறுகோடியில் காவல் துறை ஜீப் நின்றதும், அங்கே வேகம் அளக்கும் புதுக் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்ததும் எங்களுக்குத் தெரியாது.

முதலில் அமெரிக்க வண்டியும், அதன் பிறகு ஜப்பான் வண்டியும் போய்த் திரும்பி வந்தன. அதன் பிறகு குருவியை விட்டேன். போனது போனதுதான். பிரேக் பிடித்தும் நிற்காமல் பனிக்குள் மறைந்தது. ஒரு சத்தம் கேட்டது, அதன் பிறகு "அய்யோ, என்ற சந்தகை!" என்று ஓர் ஆண் குரல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது, குருவி ஜீப்புக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளியேறி, தலைமைக் காவலர் வெங்கடபதி அவர்கள் சந்தகை (இடியாப்பம் மாதிரி) கொண்டுவந்திருந்த டிபன் பாத்திரத்தில் மோதி, சக்கரமெல்லாம் தேங்காய்ப்பாலோடு மல்லாந்து கிடந்தது. நல்லவேளையாக ஆளுக்கு அடியில்லை.

ரோட்டில் வண்டியே இல்லாமல் கருவி முதலில் 71 என்றும் பிறகு 79 என்றும் காட்டியதால், கருவி பழுது என்று தலைமைக் காவலர் பாதிக் கடிதம் எழுதியிருந்தார். குருவிக்குக் காட்டிய மூன்றாவது எண்ணை உதவி ஆய்வாளர் எனக்குக் காட்டினார். 92. என் வாழ்நாளில் போலீஸ் ஜீப் பக்கத்தில் நின்று நான் கைதட்டியது அதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதையும் எழுதிக்கொள்ளலாம்.

அதன் பிறகு என் அப்பா கைகூப்பி, "ஏனுங்க மேடம், தெரியாமப் பண்ணிப்போட்டாளுங்க. ஒரு அம்பதுன்னு எழுதிக்குங்க" என்று கேட்டார். மாப்பிள்ளையும், "நாப்பதுன்னாக்கூடப் பரவாயில்லீங்க" என்று ஒத்தூதினார். நான், "ஒண்ணுகூடக் கொறைக்காதீங்க மேடம், தொண்ணூத்திரண்டுதானுங்க. கேஸ் போட்டாலும் அதே வேகத்துல போடுங்க" என்றேன். வம்சி குனிந்து கருவியில் இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் கேட்டுக்கொண்டதன் பேரில் ரிமோட்டை அவரிடம் சிறிது நேரம் கொடுத்தேன். அது விசாரணைக்குச் சம்பந்தமில்லை என்று அவர் சொன்னதால் விவரம் இங்கே எழுதப்படவில்லை. தலைமைக் காவலருக்குப் புது டிபன் பாத்திரமும் ஒரு வேளை சந்தகையும் கொடுக்கச் சம்மதிக்கிறேன்.

இது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவுமில்லை, குறிப்பாகக் குறைக்கவுமில்லை. வேகத்தை எண்ணாலும் எழுத்தாலும் எழுதக் கேட்டுக்கொண்டேன்: மணிக்கு 92 (தொண்ணூற்றிரண்டு) கிலோமீட்டர். இதன் நகல் ஒன்று வேண்டும்.

(ஒப்பம்) க. நந்திதா

அளந்து எழுதியவர்: தேஜஸ்ரீ, காவல் உதவி ஆய்வாளர்

சாட்சி: வம்சி. எழுத்தில் பார்த்தேன். பத்து வண்டி அனுப்பவும். பிரேக்கைச் சரிசெய்து.